எழுத்துத் திருட்டும் மூலத்தன்மையும்: 'வழி' சொல்லக் கற்பிப்போம்



"டீச்சர், நான் வார்த்தையையெல்லாம் மாத்திட்டேனே! அப்புறம் எப்படி இது காப்பி ஆகும்?" ஒப்படைப்புத் திருத்தும் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. கேட்கும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. சொற்களை மாற்றிவிட்டால் எழுத்து தன்னுடையதாகிவிடும் என்று அது உண்மையாகவே நம்புகிறது. இன்னொரு பக்கம், பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் செய்யும் ஆசிரியர்கள், "பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் போதுமாம், பரவாயில்லையாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: எழுத்துத் திருட்டு என்பது சொற்களை எண்ணிப் பார்க்கும் கணக்கு என்ற எண்ணம்.

அது கணக்கு அல்ல. 'இது எங்கிருந்து எனக்கு வந்தது' என்று வாசகரிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பதே கேள்வி. இந்தக் கட்டுரையில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம். சைனாடவுனில் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை எடுத்துக்காட்டுத் தலைப்பாக வைத்துக்கொள்வோம். உயர்நிலை மாணவரும் செய்யக்கூடிய தலைப்பு, ஆய்வாளரும் செய்யக்கூடிய தலைப்பு.

1. இது மேல்நாட்டு விதியா?

மேற்கோள் காட்டும் முறையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த சடங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் இலக்கணத்தைத் திறந்து பார்த்தால் வேறு செய்தி கிடைக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதுவதை அது குறையாகச் சொல்லவில்லை. பின்பற்றி எழுதுவதற்கென்று ஒரு பெயரே கொடுத்து, அதில் ஆசிரியர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும் என்கிறது. சிறப்புப்பாயிரத்தில் சொல்லியாக வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது 'வழி'. அதாவது இந்த நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்பது. நூலின் பயனைச் சொல்வதற்கு முன்பே வழியைச் சொல்லிவிட வேண்டும்.

தொல்காப்பியத்தில் 'என்ப', 'என்மனார்' என்ற சொற்கள் எத்தனை இடங்களில் வருகின்றன என்று நம் மாணவர்களுக்குத் தெரியும். 'இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, முன்னோர் சொல்கிறார்கள்' என்ற அறிவிப்பு அது. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு விலக்குவது, இருவர் கருத்து மோதும்போது ஒன்றைத் துணிவது என எழுவகை மதங்களை நன்னூல் தருகிறது. இன்றைய ஆய்வேட்டில் 'முன்னாய்வுகள்' என்ற இயலில் செய்யும் வேலை இதுவேதான்.

ஆகவே மூலத்தன்மை என்றால் யாரும் சொல்லாததை வானத்திலிருந்து கொண்டுவருவது என்று பொருள் இல்லை. வழியைச் சொல்ல வேண்டும், அதற்குமேல் நம்முடையது ஒன்றைச் சேர்க்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் மூலத்தன்மை இருக்கிறது.

2. நான்கு விதமாக எழுதிப் பார்ப்போம்

வகுப்பில் அப்படியே பயன்படுத்த ஏற்றபடி ஒரு சிறு மூலப்பகுதியை இந்தப் பாடத்துக்காக எழுதித் தருகிறோம். இதை ஒரு நூலின் 12-ஆம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூலம்: "1827-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய புதியவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அது புகலிடமாக விளங்கியது."

முதல் மாணவர் இதை அப்படியே எழுதுகிறார். மேற்கோள்குறி இல்லை, நூற்பெயர் இல்லை. இது திருட்டு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

இரண்டாம் மாணவர் எழுதுகிறார்: "1827-இல் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் வணங்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலைவிட்டு இறங்கிய புதுமுகங்களுக்கு உத்தியோகமும் உறைவிடமும் கிட்டும்வரை அது அடைக்கலமாகத் திகழ்ந்தது." 'வார்த்தையையெல்லாம் மாத்திட்டேனே' என்று கேட்கும் பிள்ளை இவர்தான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, மேலே சட்டை மட்டும் மாறியிருக்கிறது. நூற்பெயரும் இல்லை. இதுவும் எழுத்துத் திருட்டுதான். கீழே நூற்பெயரைப் போட்டிருந்தால்கூட, 'இந்த நடை என்னுடையது' என்று காட்டுவதால் நல்ல எழுத்து ஆகாது. ஒட்டுப்போட்ட எழுத்து என்று இதற்குப் பெயர் வைக்கலாம். நம் வகுப்புகளில் மிக அதிகமாக நடப்பது இதுவே.

மூன்றாம் மாணவர் ஓர் ஆங்கில நூலிலிருந்து இதே செய்தியைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதுகிறார், நூலைக் குறிப்பிடவில்லை. 'தமிழ் என்னுடையதுதானே' என்கிறார். மொழிபெயர்ப்பையும் வழிநூலின் ஒரு வகையாகவே தொல்காப்பியம் வைத்தது. வழிநூல் என்றாலே வழி சொல்லியாக வேண்டும். தமிழ் அவருடையது, செய்தியும் அதன் ஒழுங்கும் வேறொருவருடையவை.

நான்காம் மாணவர் எழுதுகிறார்: "சீனர்களின் கடைவீதி நடுவே தமிழர் கோயில் ஏன் நிற்கிறது? புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை இங்கே அடைக்கலம் பெற்றார்கள் என்று அந்நூல் கூறுகிறது (பக். 12). அப்படியானால் துறைமுகத்துக்கும் ஊருக்கும் பக்கத்தில் கோயில் அமைந்தது தற்செயல் அல்ல என்று நான் கருதுகிறேன்." செய்தி எங்கே முடிகிறது, சொந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. 'கூறுகிறது', 'நான் கருதுகிறேன்' ஆகிய இரண்டு சொற்களும்தான் அந்தக் கோட்டைப் போடுகின்றன.

பயிற்சிக்கு ஓர் எளிய வழி உண்டு. மூலத்தை இருமுறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, அதைப் படிக்காத தம்பிக்கோ தங்கைக்கோ வாயால் விளக்குவதுபோலப் பேசச் சொல்லுங்கள். பேசியதை எழுதி, கடைசியில் நூலைத் திறந்து, பெயர், ஆண்டு, எண் ஆகியவை சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பிள்ளையின் கை மூலத்தின் வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.

3. எதற்கு மேற்கோள் வேண்டும், எதற்கு வேண்டாம்?

எல்லா வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு போட்டால் கட்டுரை படிக்க முடியாமல் போய்விடும். பொது அறிவுக்கு மேற்கோள் தேவையில்லை. ஸ்ரீ மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது, 1827-இல் தோன்றியது, நாராயண பிள்ளை அதன் நிறுவனர், 1973-இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது: இவை பல இடங்களில் ஒரேமாதிரி பதிவான, மறுப்பு இல்லாத செய்திகள்.

ஒருவர் தேடிக் கண்டுபிடித்த தகவல், எண்ணிக்கை, விளக்கம், வாதம், படம், வரைபடம் எல்லாவற்றுக்கும் வழி சொல்ல வேண்டும். ஐயம் வந்தால் சொல்லிவிடுவதே நல்லது. அதிகமாக மேற்கோள் காட்டியதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

வழி சொல்வதில் இன்னொரு பயன், பிழை பரவாமல் தடுப்பது. 1827-இல் எழுந்தது மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய கட்டடம். இன்று நாம் பார்க்கும் கோபுரம் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூலத்தைப் பார்க்காமல் எழுதும் பிள்ளை, '1827-இல் கட்டப்பட்ட கோபுரம்' என்று எளிதில் எழுதிவிடும். அதை இன்னொரு பிள்ளை எடுக்கும். மேற்கோள் இருந்தால் நாம் பின்னால் நடந்துபோய்ப் பிழை எங்கே நுழைந்தது என்று பார்த்துவிடலாம். மேற்கோள் இல்லாவிட்டால் பிழைக்குப் பெற்றோர் இல்லாமல் போய்விடும்.

4. தேர்வு மாணவர்களுக்கு: மனப்பாடம் செய்தது திருட்டா?

பழமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி ஆகியவை மொழியின் பொதுச் சொத்து. அவற்றை மனப்பாடம் செய்து பொருத்தமாகப் பயன்படுத்துவது கற்றலின் ஒரு பகுதி. திருக்குறளைச் சொல்லும்போது வள்ளுவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம், அதுவே வழி சொல்லுதல்தான்.

மாதிரிக் கட்டுரையிலிருந்து ஒரு முழுப் பத்தியை மனப்பாடம் செய்து இறக்கிவைப்பது வேறு. அது இன்னொருவரின் எழுத்து. கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: மனப்பாடப் பத்தி தலைப்போடு ஒட்டாது. 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்' என்று தொடங்கும் கட்டுரையில் மூன்றாவது வரியிலேயே நடை இறங்கிவிட்டால், நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்திய ஆசிரியருக்கு அது உடனே தெரியும். மாணவர்களே, மாதிரிக் கட்டுரையைப் படியுங்கள், ஆனால் அதன் வாக்கியத்தை எடுக்காதீர்கள். அவர் எப்படித் தொடங்கினார், எந்த இடத்தில் திருப்பம் வைத்தார், எத்தனை உரையாடல் போட்டார் என்று அமைப்பைக் கவனியுங்கள். அது உங்களுடைய சொந்தக் கதைக்குக் கைகொடுக்கும்.

5. ஆய்வு வெளியீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பள்ளியில் மதிப்பெண் போகும். ஆய்வுலகில் பட்டமும் வேலையும் போகலாம். இந்தத் துறையில் சிங்கப்பூரின் பெயரே உலக அளவில் நிற்கிறது. 2010 ஜூலையில் ஆய்வு நேர்மைக்கான இரண்டாம் உலக மாநாடு இங்கே நடந்தது. 51 நாடுகளைச் சேர்ந்தவர்கள் கலந்துகொண்ட அந்த மாநாட்டின் பயனாக, அதே ஆண்டு செப்டம்பரில் 'ஆய்வு நேர்மை குறித்த சிங்கப்பூர் அறிக்கை' வெளியானது. நேர்மை, பொறுப்பேற்றல், உடன் பணியாற்றுவோரிடம் மரியாதையும் நியாயமும், பிறர் சார்பில் ஆய்வை நல்ல முறையில் பேணுதல் என்ற நான்கு கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் அது சொல்கிறது. உண்மையில் உழைத்தவர்கள் எல்லாரும் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டும், உழைக்காதவர் இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எழுத்தில் கைவைக்காத மேலதிகாரியின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் பழக்கத்துக்கு இது நேரான பதில்.

விதி எழுதிய ஊரிலும் மீறல் நடக்கத்தான் செய்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தன்னிடம் முன்பு பணியாற்றிய நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளை விசாரித்தது. 21 கட்டுரைகளில் தரவைப் புனைதல், திரித்தல், எழுத்துத் திருட்டு ஆகிய முறைகேடுகள் இருந்ததாக 2012 டிசம்பரில் அறிவித்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பட்ட ஆய்வு செய்யும் நம் ஆசிரியர்கள், பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆய்வேட்டுக்கு அது வகுத்த படிநிலைகள் இவை:

– ஒப்புமை 10 விழுக்காடு வரை: தண்டனை இல்லை.
– 10-க்கு மேல் 40 வரை: ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்.
– 40-க்கு மேல் 60 வரை: திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு அளிக்க முடியாது.
– 60-க்கு மேல்: பதிவு ரத்து.

பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் அந்தப் பட்டத்தையே நிறுத்திவைக்கவும் விதி இடம் தருகிறது. முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், சட்டங்கள் ஆகியவை கணக்கில் சேரா. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொற்கள் வரை விலக்கு உண்டு.

கவனிக்க வேண்டியது, 10 விழுக்காடு என்பது திருடிக்கொள்ளக் கொடுத்த அனுமதி அல்ல. சாதாரணமாக எழுதும்போது தானாக ஒத்துப்போகும் அளவு என்று அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புமை 4 விழுக்காடே இருக்கலாம். அந்த நாலும் ஆய்வின் முடிவுரையாக இருந்தால்? மறுபுறம், சங்கப் பாடல்களை நிறைய மேற்கோள் காட்டும் நேர்மையான ஆய்வேட்டில், விலக்குகளைச் சரியாக அமைக்காவிட்டால் எண் 30-ஐத் தாண்டலாம். எண் வருவது விசாரணையின் தொடக்கம். தீர்ப்பு, திருத்துபவர் படித்துப் பார்த்த பிறகே.

இதோடு, தன் எழுத்தையே மறுபடி விற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையைத் தலைப்பை மட்டும் மாற்றி இரண்டு மாநாட்டு மலர்களுக்கு அனுப்புவது வெளியீட்டு முறைகேடாகவே கருதப்படும். முன்பு வெளிவந்ததை விரித்து எழுதலாம், 'இது இன்ன மலரில் வந்த கட்டுரையின் விரிவு' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால்.

6. மென்பொருளும் தமிழும்

டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் செய்வது ஒப்பிடுவதுதான். தங்களிடம் உள்ள களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, எங்கெங்கே ஒத்துப்போகிறது என்று காட்டும். திருட்டா இல்லையா என்று சொல்லாது. தமிழில் இந்தக் கருவிக்கு இன்னும் சில கண்மறைப்புகள் உண்டு.

முதலாவது, தமிழ் ஆய்வு நூல்களும் சிற்றிதழ்களும் மாநாட்டு மலர்களும் பெருமளவு அச்சில்தான் இருக்கின்றன. களஞ்சியத்தில் இல்லாததை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடு அல்லாத கோப்பைச் சரிபார்த்து '0 விழுக்காடு' என்று வந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. மூன்றாவது, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துத் திருடினால் எளிதில் அகப்படாது. நான்காவது, சந்தி சேர்ப்பதும் பிரிப்பதும் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே தொடர் வேறு தொடராகத் தெரியலாம்.

ஆகவே தமிழில் எழுதியவருக்கு 'மென்பொருளில் தப்பிவிட்டது' என்பது நேர்மைச் சான்று ஆகாது. துறை நூல்களைப் படித்த நெறியாளரின் கண்தான் இன்றைக்கும் நம்பத்தக்க கருவி.

7. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

2025 ஜூனில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்பில் பூஜ்யம் கொடுக்கப்பட்டது. தடை இருந்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். மாணவர்கள் அதை மறுத்தார்கள். மேற்கோள்களை அகரவரிசைப்படுத்த மட்டுமே ஒரு கருவியைப் பயன்படுத்தியதாக ஒருவர் சொன்னார். யார் சொன்னது சரி என்று இங்கே நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். நமக்கு வேண்டிய பாடங்கள் மூன்று.

ஒன்று, ஒப்படைப்பு கொடுக்கும்போதே எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எந்த அளவுக்கு என்று ஆசிரியர் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். 'ஏஐ கூடாது' என்ற இரண்டு சொல் போதாது. எழுத்துப்பிழை திருத்தலாமா? அகராதி பார்க்கலாமா? மொழிபெயர்க்கலாமா? தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டு, மாணவர்கள் குறிப்பேட்டையும் முதல் வரைவையும் தூக்கிப் போடாதீர்கள். யாராவது கேள்வி கேட்டால் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான். கோப்பின் பழைய பதிப்புகள் தானாகச் சேமிக்கப்படும் இடத்தில் எழுதினால் இன்னும் நல்லது.

மூன்று, இந்தக் கருவிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுத்துவிடும். தமிழ் நூல்கள் விஷயத்தில் இது தாராளமாக நடக்கும். கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தேசிய நூலகப் பட்டியலில் தலைப்பைத் தேட இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'இது கருவி எழுதியது' என்று கண்டறியும் மென்பொருளின் எண்ணை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குப் பூஜ்யம் போடாதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, 'இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?' என்று கேளுங்கள். எழுதிய பிள்ளை தடுமாறினாலும் விளக்கிவிடும். எழுதாத பிள்ளைக்குத் தன் கட்டுரையிலேயே சொல் புரியாது.

8. திருட்டு வேறு, காப்புரிமை வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்று, பிறகு பொதுவுடைமை ஆக்கியது. யாரும் அச்சிடலாம், சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பாரதியின் வரிகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் அது எழுத்துத் திருட்டு. மாறாக, ஒரு பயிற்சி நூல் முழுவதையும், ஆசிரியர் பெயர் தெரிய, அனுமதி இல்லாமல் படியெடுத்து வகுப்புக்கு விநியோகித்தால் அது திருட்டெழுத்து அல்ல. காப்புரிமை மீறலாக இருக்கலாம்.

சிங்கப்பூரின் காப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்தது. லாப நோக்கமற்ற பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும், இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் படைப்புகளைக் கல்விக்குப் பயன்படுத்த அது வழிவிடுகிறது. ஆனால் மூலத்தையும் அதைப் பார்த்த நாளையும் குறிப்பிட வேண்டும். படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது ஆசிரியரை அடையாளம் காட்ட வேண்டும் என்ற உரிமையையும் இந்தச் சட்டம் தருகிறது. நன்னூல் சொன்ன 'ஆக்கியோன் பெயர், வழி' இப்போது சட்டமாகவும் இருக்கிறது.

9. பயிற்சித்தாளின் அடியில் ஒரு வரி

கருத்தறிதல் பகுதிக்கு வார இதழ்க் கட்டுரையோ சிறுகதையோ எடுக்கப்படுகிறது. சுருக்கி, கடினச் சொல்லை மாற்றி, கேள்விகள் சேர்த்து அச்சாகிறது. எழுதியவர் பெயர் எங்கே? பல பயிற்சித்தாள்களில் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் பெயரில்லாத எழுத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, எழுத்து என்பது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் பொருள் என்ற எண்ணம்தான் வளரும். அதே பிள்ளையிடம் ஆண்டு இறுதியில் 'மேற்கோள் எங்கே?' என்று கேட்டால் அதற்கு என்ன புரியும்?

சிங்கப்பூரில் தமிழில் எழுதுபவர்கள் அதிகம் பேர் இல்லை. தன் கதை தன் ஊர்ப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதையை எழுதியவர் நம் ஊர்க்காரர் என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

அடுத்த பயிற்சித்தாளிலிருந்து தொடங்கலாம். அடியில் இப்படி ஒரு வரி போதும்:

எழுதியவர்: ________ | எடுத்த இடம்: ________ | பார்த்த நாள்: ________ | மாற்றம்: சுருக்கப்பட்டது / எளிமையாக்கப்பட்டது

இதே வரியை மாணவர் ஒப்படைப்பின் கடைசிப் பக்கத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். தொடக்கநிலை நான்கிலேயே நிரப்பப் பழகிய பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது மேற்கோள் முறையைப் புதிய பாரமாக நினைக்காது. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது அதற்கு வழக்கமாகியிருக்கும்.